இரண்டு விரற்கடை

படிவத்தில் 'நோக்கம்' என்றொரு கட்டம்,
ஒரு வரிக்குத்தான் இடம்.
எல்லோரும் 'நடக்க' என்பார்கள்.
நீட்டிய பேனாவை வாங்காமலே
சூராகான் சொன்னாள்:
'குதிரை.'

பிஷ்கெக்கில் மார்ச் மாதம்.
பட்டறைக்குள் பிளாஸ்டர் வாடை,
ஜன்னலுக்கு வெளியே அழுக்கேறிய பனி.
அவளுடைய இடது கால் பாதித் தொடையோடு நின்றுவிட்டிருந்தது.
கணவாய்ச் சாலை, நிலக்கரி லாரி.
எனக்கு இந்த வேலையில் பதினேழு வருட அனுபவம்.
அவளுக்கு ஐந்தே மாதம்,
ஆனால் இரவும் பகலும்.

அலமாரியைத் திறந்து காட்டினேன்
நன்கொடையாக வந்த ஒற்றை முழங்காலை.
உள்ளே சின்னதாய் ஒரு மூளை,
தடுக்கினால் தானே சுதாரித்துக்கொள்ளும்.
விழுந்தவர்களை நிறையப் பார்த்தவன் நான்.
அவள் வருமுன்பே, காலைத் தேநீரோடு,
இதுதான் என்று முடிவெடுத்திருந்தேன்.

கையில் ஏந்தி எடை பார்த்தாள்,
சந்தையில் வெண்ணெய்க் கட்டியைப் பார்ப்பதுபோல்.
'இதற்குத் தீனி?'
இரவில் மின்சாரம் என்றேன்.
சிரித்தபோது பொன் பல் தெரிந்தது.
ஜூனிலிருந்து செப்டம்பர் வரை
சூசமிர் மேய்ச்சலில் இருப்பது
ஒரே ஒரு சூரியத் தகடு;
அதன் முன்னால் ஐந்து குடும்பத்துக் கைபேசிகள்.
'என் காலும் வரிசையில் நிற்கவா?'

நான் விடவில்லை.
விழுந்தால் இடுப்பெலும்பு என்றேன்,
நூற்றுக்கு இத்தனை பேர் என்றேன்.
'அவர்களெல்லாம் தரையில் விழுந்தவர்கள்,' என்றாள்.
'எனக்குள்ள பயம் வேறு.
நான் விழுந்த பிறகும்
பாதம் அங்கவடியில் மாட்டியிருக்க,
குதிரை ஓடிக்கொண்டே இருப்பது.'

என் பயங்களின் பட்டியலில்
அது இல்லவே இல்லை.

அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தோம்.
மரப்பெஞ்சில் கம்பளியை மடித்துப் போட்டு
அதைக் குதிரையாக்கினாள்.
சோதனைக் குழியை மாட்டிக்கொண்டு
கால் இரண்டும் அகட்டி உட்கார்ந்தாள்.
தொடையின் உட்பக்கம் விளிம்பு கடித்தது.
'இரண்டு விரற்கடை இறக்குங்கள்.'
'ஒன்று. அதற்கு மேல் போனால் நடக்கையில் உடம்பு சாயும்.'
'ஒரு நாளைக்கு நான் எவ்வளவு நடப்பேன்?'
தெரியாது எனக்கு. கேட்டதும் இல்லை.
கூடாரத்திலிருந்து பெட்டைகளைக் கட்டிய கயிறு வரை,
கறக்க ஆறு தரம்,
திரும்ப ஆறு தரம்.
விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

மூளைக்காரன் அலமாரிக்குத் திரும்பினான்.
கயிறு இழுத்தால் விடுபடும் பூட்டு முழங்கால்,
அங்கவடியிலிருந்து வழுகி வெளியேற
வழவழத்த ஒடுங்கிய பாதம்.
இவையெல்லாம் அவள் கேட்டது, நான் ஒப்புக்கொண்டது.
விளிம்பு மட்டும் ஒரு விரற்கடை.
அதற்கு அவள் ஒன்றும் பேசவில்லை.
அந்த மௌனத்தைச் சம்மதம் என்று
எழுதிக்கொண்டேன்.

அக்டோபரில் வந்தாள், முகம் வெயிலில் கருத்து.
குழியைக் கழற்றி என் மேசையில் வைத்தாள்.
உள்விளிம்பு இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
குளம்பு அராவும் அரத்தால் தேய்த்திருக்கிறாள்,
என் இயந்திரம் வெட்டியதைவிட நேர்த்தியாக.
கோபம் வந்தது, மறைக்கவில்லை.
பிறகு தொடையின் வெளிப்பக்கம்
அவள் கையால் மறைத்திருந்த புண்ணைக் கண்டேன்.
'நீங்கள் சொன்ன சாய்வு,' என்றாள்.
'அதில் நீங்கள் சரி.'

இன்னொன்றும் சொன்னாள்.
இடப்பக்கமே ஏறிப் பழகிய குதிரை
வலப்பக்கம் வந்தவளை அடையாளம் தெரியாமல்
நான்கு நாள் உதைத்ததாம்.
'அதனிடம் நாம் இரண்டு பேருமே கேட்கவில்லையே.'

புதுப் படிவம் எடுத்தேன்.
நாற்காலியை மேசை சுற்றி
அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.
உள்ளே அவள் இறக்கியது இறக்கியதாகவே இருக்கட்டும்,
வெளியே எங்கே உயர்த்தலாம்?
பென்சிலால் ஒரு கோடு நான்.
எச்சில் தொட்டு அழித்து
வேறொரு கோடு அவள்.

'அரத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?' என்றேன்.

பையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தாள்.